கேட்டராக்ட்: ஒரு சொல்லின் கதை

முன்னுரை

ஒரே வாரத்தில் ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு இடங்களில் எங்கள் முன் வந்து நின்றது. சென்ற ஆண்டு அக்டோபர் மாதம் அது. ஆங்கில ஒப்புவித்தல் போட்டிக்காக, இராபர்ட் சதே என்னும் கவிஞர் 1820-ஆம் ஆண்டில் எழுதிய லோடோர் அருவியைப் பற்றிய கவிதையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். அதன் தலைப்பிலேயே 'கேட்டராக்ட்' என்ற சொல் வருகிறது. "பாறையிலிருந்து பேரிரைச்சலோடு விழும் பெரிய அருவிக்கு அந்தப் பெயர்" என்று எங்கள் ஆங்கில ஆசிரியையான சிஸ்டர் விளக்கினார்கள். அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. சன்னல் வழியே மேற்கே பார்த்தால் மலைச்சரிவில் வெள்ளை நூலைத் தொங்கவிட்டாற்போல ஓர் அருவி தெரிந்தது. பொருள் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது.

அந்த வாரச் சனிக்கிழமை எங்கள் அப்பத்தாவைக் கண் பரிசோதனை முகாமுக்கு அழைத்துச் சென்றோம். டாக்டர் கொடுத்த சீட்டை அப்பா எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். "இரண்டு கண்ணிலும் கேட்டராக்ட்" என்று எழுதியிருந்தது. எங்களுக்கு ஒரே திகைப்பு. அப்பத்தாவின் கண்ணுக்குள் அருவியா?

திங்கட்கிழமை சிஸ்டரிடம் கேட்டோம். சிரித்துக்கொண்டே நூலகத்தின் பெரிய அகராதியை எடுத்துக் கொடுத்தார்கள். "நீங்களே தேடுங்கள். தேடியதை ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். அப்படித் தேடியதும், தேடியதனால் எங்கள் வீட்டில் நடந்ததுமே இக்கட்டுரை.

சொல்லின் பொருள்

அகராதியில் இச்சொல்லுக்கு இரண்டு முக்கியப் பொருள்கள் உள்ளன. ஒன்று, பேரருவி அல்லது பாறைகளுக்கிடையே ஆறு சீறிப் பாயும் இடம். நைல் நதியில் உள்ள ஆறு பாறைத் தடங்களும் 'கேட்டராக்ட்' என்றே புவியியலில் அழைக்கப்படுகின்றன. அவற்றுள் முதலாவது எகிப்தின் அஸ்வான் நகருக்கு அருகில் உள்ளது. மற்றொன்று, கண்ணின் லென்சு ஒளி ஊடுருவ முடியாதபடி மங்கிப்போகும் நிலை. தமிழில் இதைக் கண்புரை என்கிறோம்.

தண்ணீருக்கும் கண்ணுக்கும் ஒரே பெயர் வந்தது ஏன்? இதற்கு விடை காணச் சொல்லின் வேருக்குச் செல்ல வேண்டும்.

சொல் பிறந்த கதை

இது முதலில் கிரேக்கச் சொல். 'கட்டா' என்றால் கீழே. அதனோடு 'மோதுதல்', 'பாய்தல்' என்னும் பொருளுள்ள வேர் சேர்ந்து 'கட்டராக்டேஸ்' ஆயிற்று. மேலிருந்து கீழே பாய்வது என்பது அதன் பொருள். இலத்தீன் மொழி இதனைக் 'கட்டராக்டா' என்று எடுத்துக்கொண்டது.

இலத்தீனில் இச்சொல்லுக்குப் பல வேலைகள். அருவியையும் குறித்தது, நீரைத் தடுத்துத் திறக்கும் மதகையும் குறித்தது. கோட்டை வாசலில் மேலே கட்டி வைத்திருந்து, பகைவர் வரும்போது தடாலென்று கீழே இறக்கும் கம்பிக் கதவுக்கும் அதுவே பெயர். புனித ஜெரோம் இலத்தீனில் மொழிபெயர்த்த விவிலியத்தில், நோவா காலத்துப் பெருவெள்ளத்தைக் கூறும் தொடக்கநூல் ஏழாம் அதிகாரத்தில், வானத்தின் மதகுகள் திறந்தன என்று சொல்லுமிடத்தில் இச்சொல்லே நிற்கிறது. பிற்காலத்தில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் புயலில் நின்று வானத்தை நோக்கிக் கூவும்போதும் கொட்டும் மழைக்கு இச்சொல்லையே ஆள்கிறான்.

'கட்டா' என்ற அந்தச் சிறு முன்னொட்டு நாம் அன்றாடம் சொல்லும் வேறு பல சொற்களிலும் ஒளிந்திருக்கிறது என்று சிஸ்டர் காட்டினார்கள். மூக்கிலிருந்து சளி ஒழுகும் 'கட்டார்', பெருந்துன்பத்தைக் குறிக்கும் 'கட்டாஸ்டிரஃபி', நூலகத்தின் 'கேட்டலாக்' ஆகியவை அதன் உறவினர்கள். ஆயருடைய இருக்கை உள்ள 'கதீட்ரல்' கூட அந்தக் குடும்பமே. முன்னொட்டுக்குக் 'கீழே' என்பதோடு வேறு பொருள்களும் உண்டு. 'முழுமைக்கும் உரிய' என்ற பொருளில் அது சேர்ந்து பிறந்ததுதான் 'கத்தோலிக்க' என்ற சொல். இத்தனை நாள் சொல்லியும் இது எங்களுக்குத் தெரியவில்லை!

அருவி கண்ணுக்குள் வந்தது எப்படி?

பழங்காலத்து மருத்துவர்களால் உயிரோடிருப்பவரின் கண்ணுக்குள் பார்க்க முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாக இருக்கவேண்டிய கண்பாவைக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ தெரியும். ஆகவே, தலைக்குள்ளிருந்து ஒரு கெட்ட நீர் கீழே இறங்கி, கண்ணில் உறைந்து, பார்வையை மறைக்கிறது என்று அவர்கள் எண்ணினார்கள். அரபு மருத்துவர்கள் இதற்கு 'நீர் இறங்குதல்' என்ற பொருளிலேயே பெயர் வைத்திருந்தனர்.

11-ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டின் மோன்டே காசினோ மடத்தில் ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன் என்றொரு துறவி இருந்தார். அவர் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் மொழிபெயர்த்தவர். 'நீர் இறங்குதல்' என்பதற்குக் 'கட்டராக்டா' என்ற சொல்லை வழங்கியவர் அவரே என்பர். வேறு சிலர், கோட்டைவாசலில் இறங்கும் கம்பிக் கதவைப்போலக் கண்ணின் வாசலில் ஒரு தடுப்பு விழுந்துவிடுவதால் இப்பெயர் என்பர். எப்படியாயினும், மேலிருந்து ஏதோ விழுந்து கண்ணை அடைக்கிறது என்ற எண்ணமே இரண்டுக்கும் அடிப்படை.

இந்த எண்ணம் தவறு என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. 1705-ஆம் ஆண்டில் பிரிசோ என்ற பிரெஞ்சு மருத்துவர், இறந்துபோன ஒரு போர்வீரனின் கண்ணை அறுத்துப் பார்த்தார். நீரும் இல்லை, மேலே படர்ந்த தோலும் இல்லை. கண்ணின் லென்சுதான் மங்கியிருந்தது. மருத்துவம் தன்னைத் திருத்திக்கொண்டது. ஆனால், பெயரை யாரும் மாற்றவில்லை. இன்றும் உலகமெங்கும் டாக்டர்கள் இல்லாத அருவியின் பெயரையே சீட்டில் எழுதுகிறார்கள்.

நம்மைச் சுற்றியுள்ள மொழிகளில்

போடியில் பல மொழிகள் கேட்கும். சந்தையில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் உண்டு. மலைமேல் ஏறிவிட்டால் மலையாளம். ஆகவே தோழியர் வீடுகளிலெல்லாம் இந்நோயின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டோம்.

தெலுங்கில் 'சுக்லம்' என்கிறார்கள். வெண்மை என்று பொருள். மலையாளத்தில் 'திமிரம்' என்கிறார்கள். இது இருளைக் குறிக்கும் வடசொல். கன்னடத்தில் 'பொரெ', நம் 'புரை'யின் உறவுச் சொல். இந்தியில் 'மோதியாபிந்து', முத்துப்போன்ற துளி என்பது அதன் பொருள். ஒருவர் வெண்மையைக் கண்டார், ஒருவர் இருட்டைக் கண்டார், ஒருவர் முத்தைக் கண்டார்! நோயாளிக்கு இருட்டு, பார்ப்பவருக்கு வெள்ளை என்பதால் இரண்டும் உண்மையே.

தமிழில் 'புரை' என்பதற்கு உள்துளை, குற்றம் முதலிய பொருள்களும் உண்டு. திருக்குறளின் வாய்மை அதிகாரத்தில் இது குற்றம் என்ற பொருளில் வருவதை நாம் படித்திருக்கிறோம். கண்ணில் வந்த குற்றமே கண்புரை எனக் கொண்டாலும் பொருந்துகிறது. பேச்சு வழக்கில் "கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது", "பூ விழுந்துவிட்டது" என்றும் சொல்வார்கள். இவை கவனிக்கவேண்டியவை. பூ விழுதல் என்பது பெரும்பாலும் கண்ணின் முன்பக்கக் கருவிழியில் விழும் வெள்ளைத் தழும்பு. சதை வளர்தல் கண்ணின் வெளிப்புறத்தில் நிகழ்வது. நாற்பது வயதை ஒட்டிப் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துப் படிக்கச் செய்வது வெள்ளெழுத்து. கண்புரை இம்மூன்றும் அன்று.

உண்மையில் நடப்பது என்ன?

கண்பாவைக்குப் பின்னால் கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு லென்சு இருக்கிறது. அதன் பெரும்பகுதி நீரும் புரதமும். வயதாக ஆக அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று கூடிக் கட்டியாகின்றன. பச்சை முட்டையின் கரு தெளிவாக இருக்கும், வேகவைத்தால் வெள்ளையாகிவிடும் அல்லவா? ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இது பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல நடக்கிறது. முதுமையே முதற்காரணம். நீரிழிவு, புகை பிடித்தல், கடும் வெயில், கண்ணில் பட்ட காயம், சில மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளுதல் ஆகியவையும் காரணங்கள்.

அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. வலி இராது, சிவப்பும் இராது. பனிமூட்டத்தில் நடப்பதுபோலத் தோன்றும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். நிறங்கள் மங்கி மஞ்சள் பாரிக்கும். நீலமும் பச்சையும் குழம்பும். சிலருக்குத் தொடக்கத்தில் கிட்டப் பார்வை திடீரென்று நன்றாகிவிடும். கண்ணாடி இல்லாமலே ஊசி கோப்பார்கள். பார்வை திரும்பிவிட்டது என்று மகிழ்வார்கள். உண்மையில் அது லென்சு தடித்து வருவதன் அடையாளம். சிறிது காலத்தில் அந்தப் பார்வையும் போய்விடும்.

இதற்குச் சொட்டு மருந்தோ மாத்திரையோ இல்லை. அறுவை ஒன்றே வழி. நம் நாட்டில் இதை மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். மங்கிய லென்சை ஊசியால் தள்ளிவிடும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. தஞ்சையை 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண் மருத்துவத்தில் மிகுந்த ஆர்வம் காட்டினார். அக்காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் படங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. பிரான்சு நாட்டில் டாவியேல் 1747-ஆம் ஆண்டில் லென்சைத் தள்ளிவிடாமல் வெளியே எடுத்துக் காட்டினார்.

எடுத்த இடம் வெற்றிடமாக இருந்ததால், அந்நாளில் அறுவை செய்துகொண்டவர்கள் சோடாப்புட்டிக் கண்ணாடி அணியவேண்டியிருந்தது. லண்டன் மருத்துவர் ஹரால்டு ரிட்லி இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானச் சன்னலின் பிளாஸ்டிக் துணுக்குகள் தங்கியும் கண் அதை வெறுத்துத் தள்ளாததை அவர் கவனித்திருந்தார். அதே வகைப் பொருளில் ஒரு செயற்கை லென்சு செய்து, 1949 நவம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார்.

அந்த லென்சு ஏழைக்கும் கிடைக்க நம் மதுரை வழி செய்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளவயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, பல்லாயிரம் பேருக்குப் பார்வை தந்தார். செயற்கை லென்சுகளை வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வாங்கவேண்டியிருந்த நிலையில், 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தயாரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. விலை பல மடங்கு குறைந்தது. வெங்கடசாமி அவர்கள் 2006-இல் மறைந்தார். ஆயினும் அப்பணி தொடர்கிறது. இவ்வளவு இருந்தும், இந்தியாவில் பார்வை இழப்பிற்கு முதற்காரணமாகக் கண்புரையே இன்றும் இருக்கிறது. காரணம் என்ன? எங்கள் வீட்டிலேயே அதற்கு விடை கிடைத்தது.

எங்கள் அப்பத்தாவின் கண்

எங்கள் அப்பத்தா சிறுவயதில் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர்கள். கல்யாணமாகிக் கீழே வந்தபின் போடியில் காய் பிரிக்கும் வேலை. சுளகில் காயைப் பரப்பி, பருத்தது ஒரு பக்கம், சிறுத்தது ஒரு பக்கம், வெளுத்தது, வெடித்தது என்று விரல் ஓடும் வேகத்தில் பிரித்துவிடுவார்கள். ஏலக்காய்க்குப் பச்சை நிறமும் பருமனுமே விலை. ஆகவே, பிரிப்பவரின் கண்ணில்தான் சரக்கின் தரமே இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லுவார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பத்தா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஊசி கோத்தார்கள். நாங்களும் கை தட்டினோம்! அதன்பின் சென்ற ஆண்டு ஒருநாள், வேலையிலிருந்து நடுப்பகலிலேயே திரும்பி வந்துவிட்டார்கள். பச்சைக் காயோடு வெளுத்த காயைக் கலந்துவிட்டதாகக் கணக்குப்பிள்ளை சொன்னாராம். "நாப்பது வருசமா காய் பாக்குற எனக்கா பச்சை தெரியாது?" என்று கேட்டுவிட்டு வந்தவர்கள், மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

முகாமில் சொன்ன பிறகும் அறுவைக்கு இசையவில்லை. காரணம் கேட்டபோது இரண்டு சொன்னார்கள். "கண்ணுல வளந்த சதைய உரிச்சு எடுப்பாக, தாங்க முடியாது" என்பது ஒன்று. "இன்னும் முத்தலை தாயி, முத்துனாத்தான் எடுக்கணும்னு எங்க ஆத்தா காலத்துலயே சொல்லுவாக" என்பது மற்றொன்று. இரண்டாவது ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான். அந்நாளைய அறுவை முறைக்கு அது தேவைப்பட்டது. இன்று தேவையில்லை. மிகவும் முற்றவிட்டால் அறுவை கடினமாகும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி வலியும் வரலாம்.

அகராதியில் படித்ததையெல்லாம் சொன்னோம். சதை இல்லை, உரிப்பதும் இல்லை, உள்ளே உள்ள லென்சுதான் மங்கியிருக்கிறது என்றோம். முட்டையை உடைத்துக் காட்டினோம். அப்பத்தா கேட்டுக்கொண்டார்களே தவிர, "முத்தட்டும்" என்பதை விடவில்லை. கடைசியில் அவர்கள் தொழிலே கைகொடுத்தது.

"அப்பத்தா, ஏலக்காயைப் பழமாகிற வரைக்கும் செடியிலேயே விடுவீங்களா?" என்று கேட்டோம்.

"அதெப்படி விடுறது? பழமான காய் காயப்போட்டா வெடிச்சுரும். தோலு பச்சையா இருக்கயில, உள்ள அரிசி கறுத்திருக்கும் பாரு, கருங்காய், அப்பவே எடுத்துரணும்."

"இதுவும் கருங்காய்ப் பருவம்தான் அப்பத்தா. இப்பவே எடுக்கச் சொல்லித்தான் டாக்டரும் சொல்றாங்க."

அப்பத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாட்ட எந்தக் கிழமைன்னு கேளு" என்றார்கள்.

தேனியில் நடந்த அறுவைக்கு அரைமணி நேரம் கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தபோது நாங்கள் பள்ளிச் சீருடையோடு எதிரே நின்றோம். அப்பத்தா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, பாவாடையைத்தான் பார்த்தார்கள். "இது நீலமா? நான் சாம்பக் கலருன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்கள். மஞ்சள் பாரித்த லென்சு நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். அது உண்மையென்று அப்போதுதான் அறிந்தோம்.

வீடு வந்த சில நாளில் அடுக்களை டப்பாவிலிருந்த ஏலக்காயைக் கையில் கொட்டிப் பார்த்தார்கள். வெளுத்த காய் நான்கைத் தனியே எடுத்து வைத்தார்கள். "கணக்குப்பிள்ளை சொன்னது நெசந்தான். நான்தான் வைதுட்டு வந்துட்டேன்" என்று சொன்னார்கள். அடுத்த வாரமே போய் அவரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்கள். மற்றக் கண்ணுக்குப் பங்குனியில் நாள் குறித்திருக்கிறது.

சொல்லைப் பயன்படுத்தும் முறை

தேர்வு எழுதும் தோழியருக்காகச் சில குறிப்புகள்:

1. இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் எட்டு எழுத்துகள். சி, ஏ, டி, ஏ, ஆர், ஏ, சி, டி. நடுவில் மூன்று ஏ வருவதை நினைவில் வைத்தால் எழுத்துப்பிழை வராது. சளியைக் குறிக்கும் 'கட்டார்' என்பதில் இரண்டு ஆர் வந்து ஹெச் என்ற எழுத்தில் முடியும். இரண்டையும் குழப்பக்கூடாது.

2. உச்சரிக்கும்போது முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்.

3. இது எண்ணத்தக்க பெயர்ச்சொல். ஒரு கண்ணில் இருந்தால் ஒருமையில் 'எ கேட்டராக்ட்' என்றும், இரு கண்களிலும் இருந்தால் பன்மையில் 'கேட்டராக்ட்ஸ்' என்றும் எழுத வேண்டும்.

4. அருவி என்ற பொருளில் எழுதும்போது சிறிய நீர்வீழ்ச்சிக்கு இது பொருந்தாது. 'வாட்டர்ஃபால்' என்பதே போதும். நீர் பெருகிப் பேரிரைச்சலோடு பாய்வதற்கே இது ஏற்றது. ஆகவே, எங்கள் சன்னல் வழியே தெரிந்த வெள்ளை நூலுக்கு இப்பெயர் சற்று அதிகம்தான்! மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும் சுருளி அருவிக்கு வேண்டுமானால் சொல்லலாம்.

முடிவுரை

அன்புத் தோழியரே! ஒரு சொல் பிறக்கும்போது அன்றைய மனிதரின் அறிவோடு பிறக்கிறது. அறிவு வளர்ந்த பின்னும் சொல் பழைய சட்டையையே போட்டுக்கொண்டிருக்கிறது. 'கேட்டராக்ட்' என்பதில் இல்லாத நீர் ஒழுகுகிறது. 'சதை வளர்ச்சி' என்பதில் இல்லாத தோல் உரிகிறது. ஆங்கிலச் சொல்லால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் நம் வீட்டுச் சொல், நம் பாட்டிமாரை அஞ்ச வைத்து ஆண்டுக்கணக்கில் இருட்டில் உட்கார வைத்துவிடுகிறது. அகராதியைப் புரட்டுவது மதிப்பெண்ணுக்கு மட்டும் என்று இனி நாம் எண்ணவேண்டாம்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பெரியவர்களை நாட்காட்டிக்கு முன்னால் நிற்க வையுங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு கண்ணை மாற்றச் சொல்லுங்கள். ஒரு கண் தெளிவாக இருந்தால் மறு கண் மங்கியது அவர்களுக்கே தெரிந்திராது. மங்கலாக இருக்கிறது என்றால் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "முத்தட்டும்" என்று சொன்னால், கருங்காயின் கதையைச் சொல்லுங்கள்.

எங்கள் அப்பத்தா இப்போது மாலை நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்க்கிறார்கள். மழை பெய்தால், "அந்தா, தண்ணி விழுகுது பாரு" என்று எங்களுக்கு முன்னால் சொல்லிவிடுகிறார்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி